கோத்தகிரி ஹோம்ஸ்டே: ரூம் சுமார், சாப்பாடு அருமை, 1979 டேடோனா ரேஸுக்காகவே போகலாம்

முதல்லயே சொல்லிடறேன், வியூ பார்க்கணும் ரீல்ஸ் எடுக்கணும்னு ரூம் தேடறவங்களுக்கு இந்த இடம் செட் ஆகாது. கோத்தகிரில இருந்து கோடநாடு போற ரோட்ல கொஞ்ச தூரம் போய், மெயின் ரோட்ட விட்டு தேயிலைத் தோட்டத்துக்குள்ள இறங்கினா ஒரு பழைய வீடு, மொத்தமே நாலு ரூம், பால்கனில நின்னா தெரியறது பக்கத்து வீட்டு தண்ணி டேங்க். ஆனா சனிக்கிழமை சாயங்காலம் ஹால்ல பழைய அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸ் (ரோட்ல ஓடற சாதா கார் மாதிரி தெரியற கார்களோட போட்டி) ப்ரொஜெக்டர்ல போடறாங்க, ஹைலைட்ஸ் இல்ல, முழு ரேஸ், அதுக்காகவே நான் இன்னொரு தடவை போவேன்.

ரூம் கதையை சீக்கிரம் முடிச்சுடலாம். பெட்ஷீட் சுத்தம், பாத்ரூம் சுத்தம், ஆனா ரஜாய் (கனமான போர்வை) ஈர வாடை அடிக்குது, மழைக்காலம்னா மலைல எல்லா வீட்லயும் இருக்கறதுதான், அதுக்காக காசு வாங்கற இடத்துல வெயில் வர்ற அன்னைக்கு எடுத்து காயப்போட வேண்டாமா? கீசர் காலைல மட்டும்தான். இறக்கம் செங்குத்தா இருக்கு, தாழ்வான காரா இருந்தா அடி உரசும், மேலயே நிறுத்திட்டு நடந்துடுங்க. வெளி மாவட்ட வண்டின்னா இ-பாஸ் எடுத்துட்டு வாங்க, பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க, செக்போஸ்ட்லயே வாங்கி வச்சுக்குவாங்க.

சாப்பாடு அங்க இருக்கற அக்கா சமையல். மத்தியானம் அவரைக்கொட்டை குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டாங்க, குழம்பு கெட்டியா மிளகு வாசத்தோட, கூட வந்தவன் ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினான், வீட்ல அவன் ரசத்தோட எந்திரிச்சுடற ஆளு. ரேஸுக்கு நடுவுல டீயும் வர்க்கியும் வந்துட்டே இருக்கு, அதுக்கு தனியா பில் போடல.

இப்ப ரேஸ். ஓனர் அண்ணன் முன்ன கோயமுத்தூர்ல மெக்கானிக் ஷெட் வச்சிருந்தவராம், ரேஸ்னா உயிர். நம்ம கோயமுத்தூர் ரேஸ் டிரைவர் நரேன் கார்த்திகேயன் 2010ல நாஸ்கார் (அமெரிக்கால ஸ்டாக் கார் ரேஸ் நடத்தற அமைப்பு) ட்ரக் சீரிஸ்ல ஓட்டினதுல இருந்து இந்தப் பக்கம் பைத்தியம் ஆயிட்டேன்னு சொன்னார். நாங்க போன அன்னைக்கு அவர் போட்டது 1979 பிப்ரவரி 18ல ஃப்ளோரிடால நடந்த டேடோனா 500, 500 மைல் ரேஸ். அந்தக் கடைசி லேப் (சுத்து) க்ளிப்பை பல பேர் பார்த்திருப்பீங்க, ரெண்டு கார் முட்டிக்கிட்டு சுவத்துல மோதும், அப்புறம் மைதானத்துல ஹெல்மெட்டோட சண்டை. நானும் அந்த க்ளிப் மட்டும்தான் பார்த்திருந்தேன். முழுசா உக்காந்து பார்த்தப்பதான் அந்த மனுஷனுங்களுக்கு ஏன் அவ்வளவு வெறி ஏறிச்சுன்னு புரிஞ்சுது.

புதுசா பார்க்கறவங்களுக்கு கொஞ்சம் சொல்றேன். ட்ராக் ஒரு சுத்து ரெண்டரை மைல், நம்ம கணக்குல 4 கிலோமீட்டர், 200 சுத்து. வளைவுல ரோடு 31 டிகிரி சாய்ஞ்சு நிக்குது, அதனால பிரேக்கைத் தொடாமலே திரும்பறாங்க, கோத்தகிரி ஹேர்பின்ல செகண்ட் கியர்ல ஊர்ந்து வந்து இறங்கின கையோட இதைப் பார்த்தா வயித்தைக் கலக்குது. அந்த வருஷம் பட்டி பேக்கர் போல் (முதல் ஆளா ஸ்டார்ட் பண்ற இடம்) எடுத்த வேகம் மணிக்கு 196 மைல், 315 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. ரேஸுக்கு முன்னாடி மழை பெஞ்சு ட்ராக் ஈரமா கிடந்துது, முதல் பதினஞ்சு லேப் கிட்ட எச்சரிக்கைக்கு காட்டற மஞ்சள் கொடில மெதுவா ஓட்டியே காய வைக்கறாங்க. மத்தவங்களா இருந்தா இதை ஓட்டி விட்டுடுவாங்க, அண்ணன் ரிமோட்டைத் தொடவே இல்ல, எங்க கூட இருந்த ஒரு ஃபேமிலி அதுலயே எந்திரிச்சு போயிடுச்சு.

முப்பதாவது லேப் தாண்டி கொஞ்ச நேரத்துல பாபி அலிசன், அவர் தம்பி டானி அலிசன், கேல் யார்பரோ மூணு பேரும் ஒண்ணா சுழண்டு உள்பக்க சேத்துல போய் விழறாங்க. க்ளிப்ல இது வராது, ஆனா கதையே இங்கதான் ஆரம்பிக்குது. கேல் அதுக்கு முன்னாடி 1976, 77, 78ன்னு மூணு வருஷம் வரிசையா சாம்பியன் ஆனவர், அவர் கார் சேத்துல மாட்டி சில லேப் பின்னாடி போயிடுது, டானியும் லேப் இழக்கறார். அப்புறம் ரெண்டு பேரும் அதை ஒண்ணொண்ணா மீட்கற விதம் இருக்கே, அதுதான் இந்த ரேஸ்ல சாரம். அந்தக் காலத்து ரூல்படி மஞ்சள் கொடி விழற நேரத்துல லீடரைத் தாண்டி முன்னாடி இருந்தா ஒரு லேப் திரும்ப கிடைக்கும், அதுக்காக உயிரைக் கொடுத்து முன்னாடி போறாங்க, வெறும் படத்தைப் பார்த்தா இது விளங்கவே விளங்காது, ஏன்னா அந்தக் காலத்து டெலிகாஸ்ட்ல இப்ப மாதிரி ஸ்க்ரீன் மேல ஓடிட்டே இருக்கற பொசிஷன் பட்டி கிடையாது. அதுக்குத்தான் அண்ணன் ஸ்க்ரீன் பக்கத்துல ஒரு ஸ்கூல் போர்டு சாத்தி வச்சு, சாக்பீஸ்ல 11 (கேல்), 1 (டானி), 43 (ரிச்சர்ட் பெட்டி)ன்னு கார் நம்பர் போட்டு யார் எத்தனை லேப் பின்னாடின்னு அழிச்சு அழிச்சு எழுதிட்டே இருக்கார். 11க்கு எதிர்ல இருந்த நம்பர் சைபர் ஆனப்ப ஹால்ல விசில்.

கடைசி இருபது சொச்சம் லேப் டானி முன்னாடி, கேல் பின்னாடி ஒட்டிக்கிட்டே. இதுல விஷயம் என்னன்னா இந்த மாதிரி ட்ராக்ல கடைசி லேப்ல முன்னாடி இருக்கறவன்தான் பாவம், காத்தைக் கிழிக்கறது அவன், பின்னாடி வர்றவனுக்கு எதிர்காத்து கம்மி, மிச்சம் பிடிச்ச வேகத்தை வச்சு சடார்னு வெளிய எடுத்து தாண்டிடுவான். டானிக்கும் இது தெரியும். எதிர்ப்பக்க நேர் ரோட்ல கேல் உள்பக்கமா பாயறார், டானி இறங்கி மறிக்கறார், கேலோட இடது சக்கரம் ஈரப் புல்லுல ஏறுது, ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை இடி, ரெண்டும் போய் மூணாவது வளைவு சுவத்துல அடிச்சு உள்ள சரியுது. அரை லேப் பின்னாடி மூணாவதா வந்துட்டிருந்த ரிச்சர்ட் பெட்டி, டாரல் வால்ட்ரிப்பை ஒரு கார் நீளத்துல முந்தி ஜெயிச்சுடறார். வயித்துல ஆபரேஷன் பண்ணி, ஓட்டாதேன்னு டாக்டருங்க சொல்லியிருந்த ஆளு, அதுக்கு முன்னாடி 45 ரேஸா ஒண்ணுகூட ஜெயிக்கல.

தம்பிக்கு என்ன ஆச்சுன்னு பாபி காரை நிறுத்தறார், கேலுக்கோ முன்ன சேத்துல விழுந்ததுக்கும் இவர்தான் காரணம்னு கோவம், கார்ல உக்காந்திருந்த பாபியை ஹெல்மெட்டால ஒரு போடு. நாஸ்கார் மூணு பேருக்கும் ஆளுக்கு 6,000 டாலர் ஃபைன் போட்டுச்சு. தப்பு யார் மேலன்னு எங்க ஹால்ல ராத்திரி சாப்பாடு வரைக்கும் சண்டை. க்ளிப் பார்த்த காலத்துல நான் கேல் கட்சி, இப்ப டானி பக்கம் சாஞ்சுட்டேன், லீடர் தன் இடத்தை விட்டுக்கொடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லீங்க. அண்ணன் இன்னும் கேல் கட்சிதான், அடுத்த சப்பாத்தி எனக்கு லேட்டா வந்துது.

இன்னொண்ணு, 500 மைல் ரேஸை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் அமெரிக்கா முழுக்க டிவில நேரடியா காட்டினது இதுதான் முதல் தடவை, சிபிஎஸ் சேனல். அந்த நாட்டு கிழக்குப் பக்கம் பயங்கரப் பனிப்புயல், ஜனம் வீட்டை விட்டு வெளிய போக முடியாம டிவி முன்னாடி உக்காந்திருந்துது. எங்களுக்கும் வெளிய மிஸ்ட், எதிர்ல தேயிலைச் செடியே தெரியல, அதனால முழுசா பார்த்தோம்னும் சொல்லலாம்.

குறைன்னா ஸ்பீக்கர். வி8 இஞ்சின் சத்தம் வயித்துல அதிரணும், இங்க மிக்ஸி ஓடற மாதிரி இருக்கு, மழை வந்தா மேல தகரத்துல விழற சத்தத்துல அதுவும் போச்சு. நடுவுல கரண்ட் வேற போச்சு, ப்ரொஜெக்டருக்கு யூபிஎஸ் இல்ல. பிளாஸ்டிக் சேர்ல மூணு மணி நேரத்துக்கு மேல உக்கார முடியல, ஒரு தலகாணி கேட்டா தருவாங்க.

அஞ்சுக்கு நாலு கொடுக்கறேன், ஒண்ணு கட் பண்ணது ரஜாய்க்கும் ஸ்பீக்கருக்கும் சேர்த்து. அடுத்து 1985ல டல்லடேகா ட்ராக்ல நடந்த ரேஸ் போடறதா சொன்னார், பில் எலியட் ரெண்டு லேப் கிட்ட இழந்துட்டு ஒரு மஞ்சள் கொடி உதவியும் இல்லாம வெறும் வேகத்துலயே மீட்டு ஜெயிச்ச ரேஸ், சராசரி வேகமே மணிக்கு 186 மைல். போறவங்க முந்தியே போன் பண்ணி கேட்டுக்கோங்க, ஆளு கம்மின்னா போட மாட்டார், அஞ்சு மணிக்குள்ள போயிடுங்க, ஜெர்கின் மறக்காதீங்க, ஹால்ல ஹீட்டர் கிடையாது.