மாலரின் ஒன்பதாவது சிம்பொனி: எந்தப் பதிவைக் கேட்கலாம்?

ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ஒன்பதாவது சிம்பொனியில் பதிவுக்குப் பதிவு பெரிதும் மாறுவது கடைசிப் பகுதியான அடாஜியோ (மெதுவான நடையில் போகும் பகுதி)தான். ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் புரூனோ வால்டர் 1938-ல் அதைச் சுமார் 18 நிமிடத்தில் முடித்துவிடுகிறார். பிந்தைய நடத்துநர்களான பெர்ன்ஸ்டைனுக்கும் (1979) கராயனுக்கும் (1982) 26 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மெதுவாக வாசித்தால்தான் சோகம் வரும் என்று நினைப்பவர்கள் முதலில் வால்டரைக் கேட்க வேண்டும்.

வால்டர் மாலரிடம் உதவியாளராக இருந்தவர். மாலர் இறந்த மறு ஆண்டு, 1912-ல், வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் இந்தச் சிம்பொனியை அரங்கேற்றியவரும் அவரே. 1938 பதிவு அதே ஆர்கெஸ்ட்ராவுடன் ஜனவரியில் வியன்னாவில் நடந்த கச்சேரி. இரண்டே மாதத்தில் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தார்கள். யூதரான வால்டர் நாடிழந்தார். ஒலி மங்கல்தான், இருமலும் கேட்கும். ஆனால் வயலின்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் அழகு (ஜாரு என்றே சொல்லலாம்) பிந்தைய பதிவுகளில் இந்த அளவு கிடையாது. எங்கும் தேங்கி நின்று அழுவதில்லை. அதனாலேயே மனதைப் பிசைகிறது.

பெர்ன்ஸ்டைன் பெர்லின் பில்ஹார்மோனிக்கை நடத்தியது இந்த ஒரு முறைதான். அவர் முனகுவதுகூடப் பதிவாகியிருக்கிறது. அடாஜியோவின் உச்சத்தில் டிராம்போன்கள் (கனத்த ஒலியுள்ள பித்தளை ஊதுகுழல்கள்) நுழைய வேண்டிய இடத்தில் நுழையவே இல்லை; அடித்தளமில்லாமல் வயலின்கள் மட்டும் அலறுகின்றன. பிழைதான், ஆனாலும் அந்த இடம் சிலிர்க்க வைக்கிறது. முழுதாகத் திரும்பத் திரும்பக் கேட்க என்னால் ஆகாது.

அதே ஆர்கெஸ்ட்ரா, கராயன் கையில் வேறு ஆள். ஸ்டூடியோவில் ஒருமுறை பதிந்த பிறகும், 1982 கச்சேரியை வெளியிட்டார். கடைசிப் பக்கத்தில் மியூட் (ஒலியை அடக்கும் சிறு கருவி) போட்ட தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். சத்தம் தேயத் தேய சுருதியும் கனமும் கொஞ்சம்கூடக் கலையவில்லை; இந்தப் பக்கத்தில் அவரை யாரும் நெருங்க முடியாது. ஆனால் இரண்டாம் பகுதியின் நாட்டுப்புற நடனம் முரட்டுத்தனமாக இருக்க வேண்டியது. கராயன் அதற்கும் இஸ்திரி போட்டுவிட்டார்.

அப்புறம் இன்னொரு நடத்துநர் பார்பிரோலி (1964, அதே பெர்லின் பில்ஹார்மோனிக்): அடாஜியோ சுமார் 23 நிமிடம், ஒலியும் தெளிவு. புதிதாகக் கேட்பவருக்கு இதைத்தான் கொடுப்பேன். பழகியபின் வால்டரின் 1938. வால்டர் 1961-ல் ஸ்டீரியோவில் பதிந்தது ஒன்றும் உண்டு. நிதானமாக, நன்றாக இருக்கும். 1938-ன் பதற்றம் மட்டும் அதில் இல்லை.