படைப்புத் துறையினருக்கான மன உறுதிக் கோச்சிங்: எட்டு வாரத்தில் எது உதவுகிறது, எது வீண்

எடிட்டர், டிசைனர், அனிமேட்டர், திரைக்கதை எழுதுகிறவர் போன்றோருக்கென்று நடக்கும் மன உறுதிக் கோச்சிங் பெரும்பாலும் இரண்டு வடிவில் கிடைக்கிறது. ஒன்று, இரண்டு நாள் குழு முகாம். மற்றது, ஆறு முதல் எட்டு வாரம் வரை கோச்சோடு தனியாகப் பேசும் செஷன்கள். முகாமைத் தவிர்த்துவிடலாம். அங்கே வரும் உற்சாகம் உண்மைதான். ஆனால் பழகிப் பார்த்து, தவறி, திரும்ப வந்து சரிசெய்துகொள்ள அதில் வழியில்லை. மீதி எல்லாம் எட்டு வார வடிவத்தைப் பற்றி.

முதல் செஷன் எப்படிப் போகிறது என்பதை வைத்தே கோச்சை எடைபோட்டுவிடலாம். நல்ல கோச் முதலில், மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும் பிஹெச்க்யூ-9 போன்ற ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டாலே மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை, சுயகாய எண்ணங்களைப் பற்றியது. அதற்குச் சுழியம் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் கோச்சிங்கை நிறுத்திவிட்டு அன்றே நிபுணரிடம் அனுப்ப வேண்டும். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, பர்ன்அவுட்டை (வேலையால் வரும் முழுச் சோர்வை) நோயாகச் சேர்க்கவில்லை; வேலை சார்ந்த நிலை என்றே சொல்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலைமீது வெறுப்போ விலகலோ வருவது, செய்வது எதுவும் தேறவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். கோச்சால் கைகொடுக்க முடிவது இங்கேதான். மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பற்றி வாயே திறக்காத கோச்சிடம் இரண்டாவது செஷனுக்குப் போக வேண்டாம்.

முழுப் பயிற்சியிலும் அதிகப் பலன் தருவது ஒரு சாதாரண நோட்டு. பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கிளையண்டிடமிருந்து, “இதுல உயிரே இல்ல, நாளைக்குள்ள வேற ஒண்ணு அனுப்புங்க” என்று மெசேஜ் வருகிறது. முதல் கட்டத்தில் அதே சொற்கள், எழுத்து மாறாமல். இரண்டாவதில் மனம் சொன்னது: “எனக்கு வேலையே தெரியாதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க.” மூன்றாவதில் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: “எந்த நொடியில இருந்து தொய்வாத் தெரியுது? ஆரம்பமா, முடிவா?”

கோளாறு வருவது மூன்றாவது கட்டத்தில். “நான் திறமைசாலி” என்று பலர் நிரப்புகிறார்கள். அடிபட்டிருக்கும் மனம் அந்த நேரத்தில் அதை நம்பாது, இன்னும் சுருங்கிவிடும். கேள்வியோ, சரிபார்க்கக்கூடிய ஒரு காரியமோ இருந்தால்தான் கை மறுபடி வேலைக்குப் போகும். வார இறுதியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவதும் வீண்தான். அதற்குள் இரண்டாவது கட்டத்தில் வர வேண்டிய வரி நாகரிகமாகிவிட்டிருக்கும். மெசேஜ் வந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். வாரத்துக்கு ஐந்தாறு பதிவு போதும்.

மூச்சுப் பயிற்சியை எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். சரியாகச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே, நிமிடத்துக்கு 6 மூச்சு, ஐந்து நிமிடம். மெதுவாக என்றால் ஆழமாக என்று அர்த்தமில்லை. இழுத்து இழுத்து விட்டால் தலைதான் சுற்றும். அமைதியாக இருக்கும் நாட்களிலேயே பழகியிருந்தால்தான் பிட்ச் அன்று, அதாவது கிளையண்டிடம் யோசனையை முன்வைக்கும் நாளில், கைக்கு வரும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து நடக்க வேண்டியது படிப்படியான பழக்கம். பெரும்பாலான கோச்சுகள் விட்டுவிடுவதும் இதைத்தான். ஒரு நிமிட ‘ரஃப் கட்’ வீடியோவை, அதாவது முடிக்காத முதல் எடிட்டை, நம்பிக்கையான ஒருவருக்குக் காட்டுவது, அடுத்து இரண்டு பேருக்கு, பிறகு டீமுக்கு, கடைசியில் கடுமையான விமர்சனத்தைக் கோச் வாய்விட்டுப் படிக்க, உட்கார்ந்து கேட்பது. பயம் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்த படி. இரண்டாவது வாரத்திலேயே உச்சிப் படியில் ஏற்றிவிட்டால், ‘நான் பயந்தது சரிதான்’ என்ற முடிவோடு ஆள் திரும்பிப் போய்விடுவார்.

ஒன்றை மட்டும் மன்னிக்கவே முடியாது. கணக்கில்லாத கரெக்‌ஷன், சம்பளமில்லாத சோதனை வேலை, நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் ஃபீட்பேக் என்று வருகிறவரிடம், “உங்க பார்வையை மாத்திக்கோங்க” என்பது. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லையென்று ஊற்றுகிறவரைக் குறை சொல்வதுபோல்தான் இது. அந்த இடத்தில் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி மேசையில் வைக்கும் கோச்தான் உருப்படியானவர். கரெக்‌ஷன் இரண்டு சுற்று, அதற்குமேல் தனிக் கட்டணம், எல்லாக் கருத்தையும் தொகுத்து அனுப்ப ஒரே ஆள். இந்த மூன்று வரியை எழுதி வாங்கினால் பல மாதப் பதற்றம் குறையும். கட்டணத்தை நிறுவனம் கட்டுவதாக இருந்தால், வருகைப் பதிவைத் தவிர எதுவும் மேலே போகாது என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான நாடுகளில் யார் வேண்டுமானாலும் கோச் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப் தரும் சான்றிதழில் மூன்று படிகள்: ஏசிசி என்றால் குறைந்தது 100 மணி நேரக் கோச்சிங் அனுபவம், பிசிசி என்றால் 500, எம்சிசி என்றால் 2,500. படைப்பு வேலையின் வலி தெரியுமா என்பதை அந்த மணிக்கணக்கு சொல்லாது. “பிராஜெக்ட் கைவிட்டுப் போன மறுநாள் வருகிறவரோடு என்ன செய்வீங்க?” என்று கேட்டுப் பார்க்கலாம். “பாசிட்டிவா யோசிக்கச் சொல்வேன்” என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடலாம்.

பலனை மனநிலையை வைத்து அளக்காதீர்கள். அது நாளுக்கு நாள் மாறும். கரெக்‌ஷன் வந்த பிறகு ஃபைலைத் திறக்க எத்தனை மணி நேரம் ஆனது, முடிக்காத வேலையை வாரத்தில் எத்தனை முறை காட்டினோம் என்ற இரண்டு கணக்கை முதல் வாரமே குறித்து வைக்க வேண்டும். ஆறாவது வாரத்திலும் இரண்டும் அசையவில்லையென்றால் அடுத்த பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள்.