வாசலில் நிற்பவரை யார் உள்ளே அழைக்கிறார்? லினக்ஸ், பைத்தான், டெபியன்

நிரலை யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நிரல் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். வேறு இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள் என்பேன். நீங்கள் அனுப்பும் திருத்தத்தை ஏற்கும் அதிகாரம் யாருக்கு? அவர் பதிலே சொல்லாவிட்டால் யாரிடம் முறையிடுவது? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய திட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பை அனுப்பிவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். வேண்டாம் என்ற பதில்கூட வரவில்லை. அன்றிலிருந்து நிரலைத் திறப்பதற்கு முன் நிர்வாக விதிகளைப் படித்துவிடுகிறேன்.

கணினியின் வன்பொருளை இயக்கும் மையநிரலான லினக்ஸ் கெர்னல், நிரல் மொழியான பைத்தான், லினக்ஸை மையமாகக் கொண்ட முழு இயங்குதளமான டெபியன் மூன்றும் முப்பது ஆண்டுகளைக் கடந்தவை. இந்தக் கேள்விகளுக்கு மூன்றும் மூன்று விதமாக விடை சொல்கின்றன.

கெர்னலில் தலைமைக்குத் தேர்தல் கிடையாது. 1991இல் அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் சொல்லே இன்றும் இறுதி. அவருக்குக் கீழே ஒவ்வொரு பகுதிக்கும், வரும் திருத்தங்களைப் பார்த்து ஏற்கும் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். யார் எதற்குப் பொறுப்பு என்பது நிரலோடு சேர்ந்தே வரும் ஒரு கோப்பில் எழுதியிருக்கிறது. திருத்தம் மின்னஞ்சலில், வெறும் எழுத்தாகப் போக வேண்டும். உங்கள் அஞ்சல் மென்பொருள் டேப் இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டால் போதும், மறுமுனையில் அந்தத் திருத்தம் பொருந்தாது. கடைசியில் உங்கள் பெயரோடு 'சைன்ட் ஆஃப் பை' என்று ஒரு வரி எழுத வேண்டும். இதைத் தரும் உரிமை எனக்கு உண்டு என்ற உறுதிமொழி அது, 2004இல் வந்த வழக்கம். திருத்தம் மேலே போகப்போக, அதை வாங்கிக் கைமாற்றும் பராமரிப்பாளர் ஒவ்வொருவரும் உங்கள் பெயருக்குக் கீழே தம் பெயரைச் சேர்ப்பார். ஒரு திருத்தம் யார் யார் கைவழியாகப் போய்ச் சேர்ந்தது என்பது அப்படியே பதிவில் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் எல்லாம் அந்த முதல் கையைப் பொறுத்தது. நல்ல பராமரிப்பாளர் வாய்த்தால் அவரே ஆசிரியர். வாய்க்காவிட்டால் வாக்குச்சீட்டும் இல்லை, மேல்முறையீட்டு விதியும் இல்லை. பொறுமையாக மீண்டும் அனுப்ப வேண்டியதுதான். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் கடுமையான பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. ஒரு மனிதரின் குணம் மாறுவதற்காக ஒரு சமூகமே காத்திருக்க நேர்ந்தது அந்த அமைப்பின் குறைதான்.

பைத்தானும் அப்படித்தான் இருந்தது. அதை உருவாக்கிய கீடோ வான் ராஸம் வாழ்நாள் தலைவர். 'வால்ரஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் ஒரு குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய சண்டையில் மனம் சலித்து, 2018 ஜூலையில் அவர் விலகினார். தமக்குப் பின் யார் என்று சொல்லவும் மறுத்துவிட்டார். கோர் டெவலப்பர்கள் எனப்படும் மையக் குழுவினர் பல நிர்வாக முறைகளை எழுதிவைத்து வாக்களித்து, ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019இல் அமைந்த முதல் குழுவில் ராஸமும் தேர்தலில் நின்று வென்ற ஓர் உறுப்பினராக அமர்ந்தார். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இருவருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது. வாக்களிக்கும் கோர் டெவலப்பர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நம்பிக்கையில்லை என்றால் குழுவையே கலைக்கலாம்.

புதியவருக்கு மூன்றிலும் எளிய வாசல் இதுதான். நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் திருத்தத்தை வைத்தால், உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்களா என்று தானியங்கி நிரலே கேட்டுவிடும். ஆனால் வாசல் எளிது என்பதால் உள்கூடமும் எளிது என்று நினைக்க வேண்டாம். வாக்குரிமை கோர் டெவலப்பர்களுக்கு மட்டும். அந்த இடத்துக்கு வர, ஏற்கெனவே இருப்பவர்கள் அளிக்கும் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவாக இருக்க வேண்டும்.

டெபியனுக்கு வருகிறேன். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய இத்திட்டத்துக்கு 1998இலேயே எழுதப்பட்ட அரசமைப்பு உண்டு. தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகிறார். வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எழுதலாம்; இவர்களில் யாரும் வேண்டாம் என்பதையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். தலைவரின் முடிவு பிடிக்காவிட்டால் உறுப்பினர்கள் பொதுத் தீர்மானம் கொண்டுவந்து அதை மாற்றலாம். ஒரு பொதியின், அதாவது டெபியனில் நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளின், பராமரிப்பாளர் அடம்பிடித்தால் அவருக்கு மேலே தொழில்நுட்பக் குழு இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு அவர் முடிவைத் தள்ளலாம். எந்த வேலையையும் செய்யும்படி எவரையும் இந்த அரசமைப்பு கட்டாயப்படுத்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. தன்னார்வலர்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் எழுதியது. தலைவரால் கேட்டுக்கொள்ள முடியும், ஏவ முடியாது. 2019இல் வேட்புமனுக் காலம் முடிந்தபோது ஒருவர்கூட நிற்கவில்லை. காலத்தை நீட்டித்த பிறகே வேட்பாளர்கள் வந்தார்கள்.

இங்கே வாசல் குறுகலானது. முழு உறுப்பினராக, இணையத்தில் உங்கள் அடையாளமாக இருக்கும் மறையாக்கச் சாவியில் பொதுவாக ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் கையெழுத்திட வேண்டும். நேரில் சந்தித்து, அவர் உங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பார். காகிதத் துண்டில் நீங்கள் அச்சிட்டுக் கொண்டுவந்த நாற்பது எழுத்து கைரேகை எண்ணை, அதாவது அந்தச் சாவியின் அடையாள எண்ணை, நான்கு நான்காகப் பிரித்துப் படித்துச் சரிபார்ப்பார். அருகில் உறுப்பினரே இல்லாத ஊர்க்காரருக்கு இது ஒரு ரயில் பயணம். 2023 செப்டம்பரில் டெபியன் ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்ததைத் தென்னிந்தியப் பங்களிப்பாளர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பாக நான் நினைப்பது இதனால்தான். அதன் பிறகு கொள்கை, நடைமுறை, திறமை பற்றிய கேள்விகள், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பொதுவாக உங்கள் பொதியை உறுப்பினர் ஒருவர் தம் பொறுப்பில் ஏற்ற வேண்டும்.

இருந்தும் என் வாக்கு டெபியனுக்கே. 2010இல் அங்கே ஒரு பொதுத் தீர்மானம் நிறைவேறியது: பொதி கட்டாதவர்களும் முழு உறுப்பினராகலாம். ஆவணம் எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், மாநாடு நடத்துபவர் எல்லோருக்கும் நிரலாளருக்கு இருக்கும் அதே ஒரு வாக்கு. டெபியனைக் கணினியில் ஏற்றும் நிறுவியைத் தமிழில் திறக்கலாம்; அந்தத் திரையின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். கெர்னலிலும் பைத்தானிலும் அவரை விருந்தாளியாக நன்றாகவே நடத்துவார்கள். டெபியனில் அவர் தலைவர் தேர்தலிலேயே நிற்கலாம்.

ஆகவே, கையில் ஒரு சின்னத் திருத்தமும் ஒரு வார இறுதியும் இருந்தால் பைத்தானுக்குப் போங்கள். ஒரு வன்பொருளை ஆழமாக அறிந்தவராக இருந்தால் கெர்னலுக்கு. ஆனால் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் புதியவர்களுக்கு எப்படிப் பதில் எழுதுகிறார் என்று பழைய அஞ்சல்களை ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிட்டு அனுப்புங்கள். பத்து ஆண்டு இருக்கப்போகிறேன் என்பவர்கள் டெபியனுக்கு வாருங்கள், பாஸ்போர்ட்டை மறக்காமல்.