ஜெட்சன் ஓரின் நானோ: பறக்கும்போதே ஒட்டிய படம்

ட்ரோன் வீடியோவை இறக்கி, மறுநாள் ஒரே படமாக்கிப் பார்ப்பது வயல் அளப்பவருக்குப் போதும். வெள்ளம் புகுந்த ஊரில் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று தேடுபவருக்குப் போதாது. ட்ரோன் பறக்கும்போதே ஃப்ரேம்களை ஒட்டி ஒரே படமாகக் காட்டத்தான் என்விடியாவின் இந்தச் சின்னக் கணினிப் பலகையை, ஜெட்சன் ஓரின் நானோவை, வாங்கினேன்.

8 ஜிபி நினைவகம், 1024 கூடா (CUDA) கோர்கள், அதாவது ஜிபியூவில் ஒரே நேரத்தில் கணக்குப் போடும் சின்ன அலகுகள். நினைவகத்தை சிபியூவும் ஜிபியூவும் பகிர்ந்துகொள்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு ஃப்ரேமையும் அங்கும் இங்கும் நகலெடுக்க வேண்டாம். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 33 மில்லிநொடி. அதற்குள் அடையாளப் புள்ளிகளைப் பிடித்து, முந்தைய ஃப்ரேமோடு பொருத்தி, வளைத்து ஒட்டியாக வேண்டும். அடுத்தடுத்த ஃப்ரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் சிலவற்றைத் தாண்டலாம், தப்பில்லை.

படங்களைப் பொருத்தி ஒட்ட நான் பயன்படுத்துவது ஓபன்சிவி (OpenCV) என்ற நிரல் தொகுப்பு. பைத்தானின் நிறுவியான பிப் (pip) வழியாக வரும் ஓபன்சிவியில் ஜிபியூவைப் பயன்படுத்தும் கூடா வசதி கிடையாது. அதன் மூல நிரலிலிருந்து (சோர்ஸ்) நாமே கட்ட வேண்டும். பொறுமை தேவை, ஆனால் இதைத் தவிர்க்கவே கூடாது.

விரிந்த தண்ணீருக்கு மேல் பொருத்தம் அறுந்துவிடும், ஏனென்றால் அங்கே நிலையான புள்ளியே இல்லை. தரை தட்டையானது என்று கணக்கு வைத்துக்கொள்வதால் உயரமான கட்டடங்களும் முறிந்து தெரியும். இது பலகையின் குற்றமல்ல. ஜிபிஎஸ் தகவலையும் சேர்த்தால் ஓரளவு தாங்கும்.

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: ஓரின் நானோவில் வீடியோவை விரித்துப் படிக்கும் டிகோடர் உண்டு, வீடியோவைச் சுருக்கி அனுப்ப உதவும் வன்பொருள் என்கோடர் இல்லை. நான் மாறிய துண்டுகளை மட்டும் படமாக அனுப்புகிறேன். வீடியோவாகவே அனுப்ப வேண்டுமென்றால் என்விடியாவின் இன்னொரு பலகையான ஓரின் என்எக்ஸ் பாருங்கள், அதில் என்கோடர் இருக்கிறது.