மூன்று புலிகளும் ஓர் அன்டூ பொத்தானும்

மதுரையில் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று காலையில் பிடிக்கும் மவுஸை இரவு எட்டு மணிக்குத்தான் விடுவேன். போன ஆண்டு வலது மணிக்கட்டு வீங்கி, மவுஸை இடது கைக்கு மாற்றச் சொல்லிவிட்டார் மருத்துவர். அதனால், இங்கே நான் சொல்லவரும் 'இன்டு த பிரீச்' என்ற வியூக விளையாட்டோ வேறு எதுவோ, ஒரு கணினி விளையாட்டைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி, என் கை என்ன பாடுபடும் என்பதுதான். படம் அழகா, கதை நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு.

இரண்டாவது கேள்வி விலை. அதற்குப் பின்னால் ஒரு சூடு இருக்கிறது. கைபேசியில் ஒரு போர் வியூக விளையாட்டு, பெயர் வேண்டாம். இலவசம் என்று உள்ளே அழைத்து, பிறகு ஒவ்வொரு கதவுக்கும் ரத்தினக் கற்கள் கேட்கும் வகை. கோட்டையை உயர்த்தும் பொத்தானும், கற்களைச் செலவழித்து வேலையை உடனே முடிக்கும் பொத்தானும் ஒட்டி ஒட்டி இருந்தன. பழகாத இடது கட்டைவிரல் சற்றே நகர்ந்தது. மூன்று வாரம் சேர்த்த கற்கள், கூடவே காசு கொடுத்து வாங்கியவையும், ஒரு தானியக் கிடங்குக்குப் போய்விட்டன. உறுதியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகார் எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. அன்றைக்கே அழித்துவிட்டேன்.

அதன் பிறகு, கல்லூரியில் படிக்கும் என் மகள் பழைய லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்ததுதான் 'இன்டு த பிரீச்'. சப்செட் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2018இல் வெளியிட்டது. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் அது. அதற்கு முன் இவர்கள் செய்த 'எஃப்டிஎல்' என்ற விண்கப்பல் விளையாட்டுக்காக மக்களிடம் 10,000 டாலர் கேட்டு, இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பெற்றவர்கள்.

சதுரங்கம் போலவே எட்டுக்கு எட்டுக் கட்டம். நம்மிடம் மூன்று இயந்திர வீரர்கள். எதிரே, நிலத்தைப் பிளந்துகொண்டு வரும் 'வெக்' என்ற ராட்சதப் பூச்சிகள். நடுவில் மக்கள் குடியிருக்கும் கட்டடங்கள். கட்டடம் அடி வாங்கினால் நகரத்தின் மின்சக்தி குறையும். அது பூஜ்யம் ஆனால் ஆட்டம் போச்சு. "அம்மா, இது உங்கள் ஆடு புலி ஆட்டம்தான்" என்றாள் மகள். மூன்று புலி, பதினைந்து ஆடு. பாட்டி வீட்டுத் திண்ணையில் சாக்கட்டியால் கோடு கிழித்து, ஆட்டுக்குப் புளியங்கொட்டை வைத்து ஆடிய ஆட்டம். இங்கே ஊரைக் காப்பது புலி, ஊரைத் தின்ன வருவது ஆடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விளையாட்டின் விசேஷம், எதிரி அடுத்து யாரை அடிக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவது. நேரக் கெடு கிடையாது. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்துகூட யோசிக்கலாம். ஒரு நாள் சண்டையின் கடைசிச் சுற்றில் இன்னும் ஆடாமல் என்னிடம் மீதி இருந்தது பீரங்கி வீரர் மட்டும். ஒரு மின்மினிப் பூச்சி நேர்கோட்டில் ஒரு குடியிருப்பைக் குறிவைத்திருந்தது. பக்கத்து வரிசையில் ஒரு குளவி, ஓர் உயிர்ப்புள்ளி மட்டும் மிச்சமாக, இன்னொரு கட்டடத்தைக் கொட்டத் தயாராக நின்றது. என்னால் ஒன்றைத்தான் தொட முடியும். 'ஆல்ட்' பொத்தானை அழுத்திப் பிடித்தால் எந்தப் பூச்சி முதலில் தாக்கும், எது அடுத்தது என்று எண் போட்டுக் காட்டும். மின்மினி 1, குளவி 2. பீரங்கியால் மின்மினியை ஒரு கட்டம் பக்கவாட்டில் தள்ளினேன். அது திசை மாறாமல் அங்கிருந்தே சுட்டது. குண்டு குளவியின் மேல் விழுந்தது. குளவி கொட்டுமுன் செத்தது. இரண்டு கட்டடமும் தப்பின. எண்கள் மாறியிருந்தால் இந்தக் கணக்கு பலித்திருக்காது. சமையலறைக்குப் போய் மகளை இழுத்து வந்து காட்டினேன்.

நான் இதில் மயங்கியது அன்டூ பொத்தானில். வீரரை நகர்த்திவிட்டு, இன்னும் தாக்கவில்லை என்றால், எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்வைத் திரும்பப் பெறலாம். தாக்கிவிட்டால் முடிந்தது. எங்கள் தொழிலில் இதற்குச் சரியான ஒப்பு உண்டு: திருத்தம் பார்க்கும் புரூஃப் கையில் இருக்கும்வரை மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், அச்சுக்குப் பிளேட் போட்ட பிறகு வந்தால் காசு. அதற்கும் மேல், ஒரு சண்டைக்கு ஒரே ஒரு முறை, நடந்துகொண்டிருக்கும் சுற்றை முழுவதுமாக ரத்து செய்து மறுபடி ஆடலாம். ஒரே ஒரு முறை! அதை எப்போது செலவழிப்பது என்பதே தனி வியூகம். பாட்டியின் திண்ணையில் வைத்த கை வைத்ததுதான். இங்கே கை நடுங்கினால் மன்னிப்பு உண்டு, கணக்குப் பிசகினால் தண்டனை உண்டு. என் மணிக்கட்டுக்கு இந்தச் சட்டம் ஒத்துவருகிறது. வேகமாகச் சொடுக்க வேண்டியதில்லை, இழுத்துப் போட வேண்டியதில்லை. இடது கையால் மவுஸைப் பிடித்தே, சண்டைகள் நடக்கும் எல்லாத் தீவையும் பார்த்துவிட்டேன்.

விலை, அமெரிக்கக் கணக்கில் 14.99 டாலர். மகள் தள்ளுபடி நாளில் ஏறக்குறைய பாதி விலைக்கு வாங்கினாள். அதன் பிறகு உள்ளே காசு கேட்கும் பொத்தான் ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்தேன், பழைய பயம். 2022 ஜூலையில் 'அட்வான்ஸ்டு எடிஷன்' என்று ஐந்து புதிய வீரர் அணிகள், இயந்திர வீரர்களை ஓட்டும் நான்கு புதிய விமானிகள், 'அன்ஃபேர்' என்ற கொடுமையான கடினநிலை எல்லாவற்றையும் சேர்த்தார்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களுக்கு இலவசமாக! நான்கு ஆண்டுக்கு முன் அடித்த அழைப்பிதழுக்கு இன்று புதுப் பக்கம் சேர்த்து இலவசமாகக் கொடுக்க எங்கள் முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள்.

கைபேசிக்காரர்களுக்கு நிலைமை வேறு. அதே ஜூலையில் கைபேசி வடிவம் வந்தபோது நெட்ஃபிளிக்ஸ் சந்தா வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். தனியாகக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள வழி வைக்கவில்லை. சந்தா என்பது வாடகை வீடு, எனக்குப் பிடிக்காது. ஏற்கெனவே சந்தா கட்டும் வீட்டுக்கு அது கூடுதல் செலவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழில் இல்லை. ஆயுதங்களின் விளக்கம் ஆங்கிலத்தில்தான், ஆனால் குட்டிக் குட்டி வாக்கியங்கள். பக்கத்திலேயே சிறு அசைபடமும் ஓடுவதால் புரிந்துவிடுகிறது. எழுத்தின் அளவு என் கண்ணாடிக்குச் சற்றுச் சிறியது. கண்ணாடியை மாற்ற வேண்டிய நாளும் கடந்துவிட்டது என்பதால் விளையாட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கதை மெலிது, அது எனக்குப் பொருட்டில்லை. முதல் இரண்டு மூன்று ஆட்டங்களில் தோற்பீர்கள். எளிதான நிலையில் தொடங்க வெட்கப்பட வேண்டாம், நான் அப்படித்தான் தொடங்கினேன்.

இதை எழுதும்போது, மறுபடி தொடங்கிய ஓர் ஆட்டத்தை மூன்றாவது தீவில் பாதிச் சண்டையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மின்சக்தி இரண்டே புள்ளி. தண்ணீர் ஓரத்தில் ஒரு பெரிய வண்டு நிற்கிறது. தள்ளினால் மூழ்கும், ஆனால் தள்ளுவதற்கு நிற்க வேண்டிய கட்டத்தின் கீழே இன்னொன்று முளைக்கப்போகிறது. சுற்றை ரத்து செய்யும் பொத்தானை இன்னும் தொடவில்லை. மகள் பின்னால் நின்று, இப்போதே அதை அழுத்தச் சொல்கிறாள்.