ராக்கி லினக்ஸ் 9-க்கு மாறிய எங்கள் கிளஸ்டர்: ஒரு வருடத்துக்குப் பிறகு

ஓர் இயற்பியல் துறையின் லினக்ஸ் கிளஸ்டரை, அதாவது பெரிய கணக்குகளுக்காக ஒன்றாக இணைத்த கணினிகளை (ஒவ்வொன்றும் ஒரு நோடு), பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் இருந்த ஓஎஸ்ஸான (இயங்குதளம்) சென்ட் ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்ததால் ராக்கி லினக்ஸ் 9-க்கு மாறினோம். மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கண்காணிப்பை முதலில் மாற்றுங்கள், ஓஎஸ்ஸை அப்புறம் தொடுங்கள்.

பழைய சென்ட் ஓஎஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே எல்லா நோடுகளிலும் பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்கு அளவுகளைத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரைப் போட்டு, அவற்றைக் காட்டும் கிராஃபானாவில் வரைபடங்களைத் தயாராக வைத்துவிட்டோம். அதுவரை கண்காணிப்புக்குக் கேங்லியாதான். பெர்க்லியில் பிறந்த அந்த மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது; பல வருடம் எங்களுக்குக் கண்ணாக இருந்தது. ஆனால் அது அளவுகளை ஆர்ஆர்டி கோப்புகளில் வைக்கிறது. நாள் ஆக ஆகப் பழையவற்றைச் சராசரியாக்கிச் சுருக்கிவிடும். போன மாதம் ஒரு நோடில் இரண்டு நிமிடம் மெமரி நிரம்பியதா என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. பிராமிதியஸ் எடுத்த அளவை எடுத்தபடியே வைத்திருக்கும். ஒரு எச்சரிக்கை: நீங்கள் மாற்றாவிட்டால் 15 நாள்தான் வைத்திருக்கும். நிறுவிய அன்றே அதை நீட்டிவிடுங்கள்.

ஓஎஸ் மாற்றம் பயந்த அளவுக்கு இல்லை. கம்ப்யூட் நோடுகளில் இருப்பதை அங்கேயே மேம்படுத்தப் பார்க்க வேண்டாம். நோடுகளுக்கு ஓஎஸ் இமேஜை நெட்வொர்க் வழியாக அனுப்பும் வேர்வுல்ஃபில் நாங்கள் புது இமேஜ் செய்து, சில நோடுகளை மட்டும் கிளஸ்டரின் தனிப் பிரிவாக (பார்ட்டிஷன்) ஓடவிட்டு, பிறகு மற்றவற்றை ரீபூட் செய்தோம். நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.17-இலிருந்து 2.34-க்குப் போகிறது. பழைய பைனரிகள் பெரும்பாலும் ஓடும். எம்பிஐ (நோடுகளுக்கு இடையே தகவல் பரிமாறும் நூலகம்) சார்ந்தவற்றை மட்டும் தயங்காமல் புதிதாக பில்ட் செய்துவிடுங்கள். மென்பொருள்களை பில்ட் செய்து தரும் ஸ்பாக் இருந்தால் பாதிச் சுமை குறையும். பைதான் 2 ஸ்கிரிப்ட் வைத்திருக்கும் ஆய்வாளர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

ஆய்வாளர்களின் ஜாப்களை நோடுகளுக்குப் பங்கிடும் ஸ்லர்மை மேம்படுத்தத்தான் பொறுமை வேண்டும். முதலில் ஜாப் கணக்கைப் பதியும் ஸ்லர்ம்டிபிடி, அடுத்து எல்லாவற்றையும் நடத்தும் ஸ்லர்ம்சிடிஎல்டி, கடைசியில் நோடுகளில் ஜாபை ஓட்டும் ஸ்லர்ம்டி. இந்த வரிசை மாறக் கூடாது. ஒரே தாவலில் எத்தனை பெரிய பதிப்புகளைத் தாண்டலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: 24.05 வரை இரண்டு, 24.11 முதல் மூன்று. ஜாப் கணக்கு இருக்கும் மரியாடிபி டேட்டாபேஸை முழுதாக டம்ப் எடுத்த பிறகே தொடங்குங்கள். புது ஸ்லர்ம்டிபிடியை முதல் தடவை சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழியாக விடாமல் டெர்மினலில் நேராக ஓட்டுங்கள். பல வருட ஜாப் கணக்கைப் புது அமைப்புக்கு மாற்ற அதற்கு நேரம் பிடிக்கும். நேரம் கடந்துவிட்டது என்று சிஸ்டம்டி நடுவில் நிறுத்திவிட்டால் டேட்டாபேஸ் அரைகுறையாக நின்றுவிடும்.

முன்கூட்டியே கண்காணிப்பு வைத்ததன் பலன் சில வாரத்தில் தெரிந்தது. "ராக்கி வந்ததிலிருந்து என் குரோமாக்ஸ் ஜாப் சில சமயம் ரொம்ப மெதுவாகப் போகிறது, அண்ணா" என்று ஒரு ஆய்வு மாணவி வந்தார். குரோமாக்ஸ் என்பது மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணக்கிடும் மென்பொருள். சிபியு வரைபடத்தில் எல்லா நோடும் 100 சதவீதம். அதை நம்ப முடியாது. அடுத்த நோடின் தகவலுக்காகக் காத்திருக்கும்போதும் எம்பிஐ சிபியுவைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். நோடுகளை இணைக்கும் வேக நெட்வொர்க்கான இன்ஃபினிபேண்டின் பேனலைத் திறந்தோம். எல்லா நோடும் 100 ஜிகாபிட்; ஒன்று மட்டும் 25. அந்த நோடில் ஐபிஸ்டாட் கட்டளை போட்டுப் பார்த்தாலும் அதே 25. இணைப்பின் நான்கு லேன்களில் (தகவல் ஓடும் தடங்களில்) ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அந்த நோடு பங்கேற்கும் ஜாப் எல்லாம் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும்; மற்ற நாள்களில் ஒன்றும் தெரியாது. வரைபடத்தைப் பின்னால் நகர்த்திப் பார்த்தால், வேகம் விழுந்தது சென்ட் ஓஎஸ் இருந்த காலத்திலேயே! கேபிளைக் கழற்றி மாட்டியதும் 100-க்கு வந்துவிட்டது. பழைய அளவுகள் கையில் இல்லாமல் இருந்திருந்தால் கர்னல், டிரைவர், எம்பிஐ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருப்போம்.

இப்போது அந்தச் சோதனையை ஸ்லர்மின் ஹெல்த் செக்கிலேயே சேர்த்துவிட்டோம். லிங்க் வேகம் குறைந்த நோடு தானாகவே டிரெயின் ஆகிவிடும், புது ஜாப் அதில் ஏறாது. எச்சரிக்கை மின்னஞ்சலையும் கண்டபடி வைக்காமல், ஒருவர் எழுந்து போய்ச் செய்ய வேண்டிய வேலை இருந்தால் மட்டும் வரும்படி குறைத்திருக்கிறோம்: மெமரியில் இசிசி பிழை கூடுவது, டிஸ்க் நிரம்புவது, கடிகாரம் விலகுவது. கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நோடுகளின் நேரம் ரொம்ப விலகினால் ஸ்லர்மின் செய்திகளுக்கு அடையாளச் சான்று தரும் மஞ்ச் அந்தச் சான்றை ஏற்காது, ஸ்லர்ம் பேச்சே நின்றுவிடும்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. ஒரு ஜாப் எண்ணைக் கொடுத்தால் அது மட்டும் தின்ற மெமரியும் நெட்வொர்க்கும் ஒரே திரையில் வர வேண்டும். ராக்கி 9-இல் வளங்களைத் தனித்தனியாகக் கணக்கிடும் கர்னல் வசதியான சிகுரூப் 2 இருப்பதால் மெமரிக் கணக்கு ஜாப் வாரியாகக் கிடைத்துவிடுகிறது. நெட்வொர்க்குக்கு இன்னும் நோடையும் நேரத்தையும் கையால்தான் பொருத்திப் பார்க்கிறோம்.