தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை: வாங்குமுன் இடம் பாருங்கள்

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை வழங்கும் மாடித்தோட்டத் தளையை, அதாவது மாடியில் காய்கறி வளர்ப்பதற்கான பொருள்களின் தொகுப்பை (kit), சென்னைவாசிகள் தயங்காமல் வாங்கலாம். நான் வாங்கியபோது மானியம் போக 450 ரூபாய் ஆயிற்று. ஆறு வளர்ப்புப் பைகள், தலா 2 கிலோ எடையுள்ள ஆறு தென்னை நார்க் கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், உயிர் உரங்கள், வேம்பு சார்ந்த பூச்சி மருந்து, கையேடு ஆகியவை அதில் இருந்தன. நார்க் கழிவில் சத்து மிகக் குறைவு என்பதால் தொழுவுரமோ மண்புழு உரமோ தனியாக வாங்கிக் கலக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எனினும், இந்தத் தளை பலன் தருவதும் தராததும் பைகளை வைக்கும் இடத்தைப் பொறுத்ததே. தக்காளி, கத்தரி, வெண்டை போன்றவற்றுக்கு நாள்தோறும் சுமார் 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். மொட்டை மாடியில் வெயிலுக்கா பஞ்சம் என்று தோன்றலாம். ஆனால் சித்திரை மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்பதால் நிழலே தெரியாத அதே இடத்தில், மார்கழியில் அது தெற்கே சாய்ந்துவிட, 10 அடி உயர மாடிப்படி அறையின் நிழல் உச்சிப்பொழுதிலேயே 7 அடிக்கு மேல் வடக்கே விழுகிறது. என் மாடியில் ஒரே பாக்கெட் விதையில் முளைத்த கத்தரிச் செடிகளுள் அந்த வடபுறத்தில் நின்றது வெளிறி, கணுக்கணுவாக நீண்டு வளர்ந்ததே தவிரப் பூக்கவில்லை. தென்கிழக்கு மூலையில் நின்றது அடர்ந்து கிளைத்துக் காய்த்தது. தெற்கே உயரமான அடுக்குமாடி இருப்பவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். மேற்கு வெயிலை வாங்கும் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். அக்கினி நட்சத்திரக் காலத்தில் பொழுது சாய்ந்த பின்னும் அந்தச் சுவர் அனல் வீசும்.

நனைந்த நார்க் கழிவு நன்றாகக் கனக்கும். ஆகவே பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ தாங்கும் ஓரங்களில் பரவலாக வைப்பதே நல்லது. செங்கல் அடுக்கியோ இரும்புத் தாங்கியின் மீதோ வைத்தால், வடகிழக்குப் பருவமழையில் வடியும் நீர் அடியில் தேங்கித் தளத்தில் ஈரம் இறங்காது. மழைநீர்க் குழாயின் வாயையும் பைகள் மறைக்கக் கூடாது. தண்ணீர் பிடிக்கும் குழாய் பைகளுக்கு அருகில் இருக்கட்டும். கோடையில் குடம் சுமந்து ஊற்ற வேண்டியிருந்தால் எவருக்கும் ஊக்கம் குன்றிவிடும்.

பால்கனி மட்டுமே உள்ளவர்கள், அங்கு 4 மணி நேர வெயில் கிடைத்தால், காய்கறியை விட்டு அதே பைகளில் அரைக்கீரையோ சிறுகீரையோ விதைக்கலாம்.